ஐந்தாவது தேவசகாயம்

மனநல வைத்தியத்தில் எது உசத்தி என்ற சண்டையை ஒரேயடியாகத் தீர்த்து வைக்கப்போகும் இயந்திரம் எங்கள் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்து இறங்கிய அன்று லிஃப்ட் பழுது. எட்டுப் பேர் இரண்டாவது மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். நான் பின்னாலேயே போய், "பாத்து, பாத்து" என்று சொல்லி உதவினேன். பொதுவாக விஞ்ஞானத்துக்கு என் பங்களிப்பு அந்த அளவில்தான் இருந்து வந்திருக்கிறது.

என் பெயர் நல்லசிவம். விபத்து, வெள்ளம், தீ என்று எதையோ பார்த்துவிட்டு, மனது அந்த இடத்திலேயே மாட்டிக்கொண்டு வீடு திரும்ப மறுக்கிறதே, பி.டி.எஸ்.டி. என்பார்கள், அதற்கு எந்தப் பேச்சு வைத்தியம் நல்லது என்று ஒப்பிட்டுப் பார்ப்பது என் தொழில். பாதி ஆயுளை இதில் கழித்து நான் கண்டுபிடித்தது இவ்வளவு: எல்லா வைத்தியமும் ஓரளவு வேலை செய்கிறது. சிலருக்கு எதுவுமே வேலை செய்வதில்லை. யாருக்கு எது என்று முன்கூட்டிச் சொல்லத் தெரியவில்லை. இதை ஒருநாள் என் மனைவியிடம் விளக்கினேன். "இதுக்குச் சம்பளம் வேற தர்றாங்களா?" என்றாள்.

சிக்கல் என்னவென்றால், ஒரு வைத்தியத்தை இவருக்கும் இன்னொன்றை அவருக்கும் கொடுத்துவிட்டு ஒப்பிடுகிறோம். இவரும் அவரும் ஒரே ஆள் இல்லையே! ஒரே ஆளுக்கு, ஒரே நேரத்தில், எல்லா வைத்தியத்தையும் தனித்தனியாகக் கொடுத்துப் பார்க்க முடிந்தால்?

இயந்திரம் அதைத்தான் செய்தது. தலையில் தொப்பி ஒன்றை மாட்டி மூன்று நாள் உட்கார வைத்தால் மனதை அப்படியே படியெடுத்துவிடும். அந்தப் படி உள்ளே கண் விழிக்கும். பேசும், தூங்கும், கெட்ட கனவு கண்டு அலறும். நிழல் என்று பெயர் வைத்தோம். நீ நிழல்தான், ஆய்வு முடிந்ததும் அணைத்துவிடுவோம் என்று ஒவ்வொரு நிழலிடமும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும் என்பது சட்டம். அசல் ஆள் கையெழுத்துப் போட்டால்தான் அணைக்கலாம் என்பது நெறிமுறைக் குழுவின் விதி.

ஒரு நோயாளிக்கு ஐந்து நிழல். முதலாவதுக்கு நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கும் வைத்தியம். சொல்லிச் சொல்லிப் பயம் மழுங்கும். இரண்டாவதுக்கு எண்ணங்களை விசாரிக்கும் வைத்தியம். 'என் தப்புதான்' என்று மனது சொன்னால், எப்படி, எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்டுக்கொண்டே போவது. மூன்றாவதுக்கு ஆடும் விரலைக் கண்ணால் பின்தொடர்ந்தபடியே நினைத்துப் பார்ப்பது. நான்காவதுக்கு நடந்ததைத் தொடவே தொடாமல் இன்றைய கஷ்டங்களை மட்டும் பேசுவது. நால்வருக்கும் திரை வழியே நான்கு நிபுணர்கள். தன் வைத்தியம்தான் ஜெயிக்கும் என்று ஒவ்வொரு நிபுணருக்கும் தெரியும்.

ஐந்தாவதுக்கு ஒன்றும் கிடையாது. சும்மா காத்திருக்க வேண்டும். வைத்தியம் இல்லாமலே தேறிவிடுகிறாரா என்று பார்க்க ஒரு ஆள் வேண்டாமா? எங்கள் தொழிலில் காத்திருப்புக் குழு இல்லாத ஒப்பீடு என்பது உப்பில்லாத சாம்பார். யாரும் தொட மாட்டார்கள்.

அந்த இயந்திரத்தில் முதலில் உட்கார்ந்தவர் தேவசகாயம். ஜோலார்பேட்டைக்காரர். எக்ஸ்பிரஸ் வண்டி ஓட்டும் லோகோ பைலட். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வளைவு திரும்பியதும் தண்டவாளத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். ஹாரன் அடித்தார். அவள் திரும்பிப் பார்த்தாள். நகரவில்லை. பிரேக்கைப் பிடித்தார். அந்த வேகத்தில் அந்த நீளத்து வண்டி நிற்க முக்கால் கிலோமீட்டராவது வேண்டும்.

"மொதல்ல ஹாரன் அடிச்சேன் சார். மொதல்ல பிரேக்கத்தான் புடிச்சிருக்கணும்," என்றார் முதல் நாள். "புடிச்சிருந்தாலும் நின்னிருக்காது. கணக்குப் போட்டுப் பாத்துட்டேன். கணக்கு சரியா வருது. தூக்கம்தான் வர்ல."

அதன் பிறகு வண்டியில் ஏறினால் கை நடுங்குகிறது. மருத்துவ போர்டு ஒருமுறை தவணை கொடுத்தாகிவிட்டது. அடுத்த முறையும் தேறவில்லை என்றால் இன்ஜினிலிருந்து இறக்கி மேஜை வேலைக்குப் போட்டுவிடுவார்கள். அவருக்கு வண்டி ஓட்ட வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். ஐந்து நிழலில் எது நன்றாகத் தேறுகிறதோ அந்த வைத்தியத்தை அவருக்குக் கொடுத்து, போர்டுக்கு முன்னால் நிறுத்துவதாக நான் வாக்குக் கொடுத்தேன்.

"அதுவரைக்கும் இவருக்கு இன்னா வைத்தியம்?" என்று கேட்டார் அவர் மனைவி பிலோமினா.

"அதுவரை அவர் காத்திருக்கணும்மா. முடிவு தெரிஞ்சப்புறம்தான் ஆரம்பிக்கணும். ஒரு மூணு மாசம்."

"சும்மா இருக்கணும்?"

"ஆமா."

"உள்ள அஞ்சாவது ஆளும் சும்மாதான் இருக்கான்?"

"ஆமா, அது ஒப்பிடறதுக்காக..."

"சும்மா இருக்கறதுக்கு எதுக்கு சார் ஒரு நகலு? அதான் அசலே சும்மா இருக்குதே?"

இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் மெஹருன்னிசா சட்டென்று திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. பதினொரு பேராசிரியர்கள் ஒன்றரை வருஷம் உட்கார்ந்து தீட்டிய திட்டம் அது. ஒருவருக்கும் இது தோன்றவில்லை. எனக்கும்தான். 'நல்ல கேள்வி' என்றேன். பதில் இல்லாத கேள்விக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் அது.

மூன்று மாதமும் தேவசகாயம் வாரம் தவறாமல் வந்தார். அவர் வரத் தேவையே இல்லை. தன் முறை எப்போது என்று ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் ஒன்றுதான்.

"அஞ்சாவது ஆளு எப்படி இருக்கான் சார்?"

"நாலு பேரும் தேறிட்டு வர்றாங்க."

"அவங்களுக்குத்தான் பேச ஆள் இருக்குதே. அஞ்சாவது?"

விதிப்படி நான் சொல்லக் கூடாது. மெஹர் வாரம் ஒருமுறை ஐந்தாவதைக் கூப்பிட்டு, தூக்கம் எப்படி, பயம் எப்படி, எத்தனை மதிப்பெண் போடுவீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்வாள். வேறு ஒரு வார்த்தை பேசக் கூடாது. "நல்லா இருக்கீங்களா" என்று கேட்டால்கூட அது வைத்தியமாகிவிடுமாம். ஆரம்பத்தில் ஐந்தாவது ஏதாவது பேசிப் பார்த்தது. ஒருநாள், "மேடம், வெளிய மழையா?" என்று கேட்டது. மெஹர் பதில் சொல்லாமல் அடுத்த கேள்விக்குப் போனாள். போய்விட்டு என் அறைக்கு வந்து, "சார், ராஜினாமாவுக்கு எத்தனை நாள் நோட்டீஸ் குடுக்கணும்?" என்றாள். பிறகு ஐந்தாவது மதிப்பெண்ணை மட்டும் சொல்லத் தொடங்கியது. அதுவும் கீழே போய்க்கொண்டிருந்தது.

முடிவு வந்தது. முதலாவது, இரண்டாவது, மூன்றாவது, நான்காவது நால்வரும் நன்றாகத் தேறியிருந்தார்கள். நால்வரும் போர்டைத் தாண்டும் அளவுக்கு. யார் முன்னே, யார் பின்னே என்று பார்த்தால், இரண்டாவது மட்டும் ஒரு நூல் பின்னால். அதுவும் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை என்று கணக்கு சொன்னது. கோடிக்கணக்கில் கொட்டி, ஒரு மனிதரை ஐந்தாகப் பிளந்து, நாங்கள் கண்டுபிடித்தது: எல்லா வைத்தியமும் ஓரளவு வேலை செய்கிறது.

நான் நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தேன். சுவருக்கும் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

அடுத்த நாள் காலை தேவசகாயமும் பிலோமினாவும் வந்தார்கள். நிழல்களை அணைக்கச் சம்மதக் கையெழுத்து வாங்க வேண்டும். ஐந்து தாள்.

"எது சார் ஜெயிச்சுது?"

"நாலும் சமம்."

"அப்ப நீங்க எனக்கு எதக் குடுக்கப் போறீங்க?"

"குலுக்கல்தான் போடணும்," என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

தாள்களை ஒருமுறை புரட்டிவிட்டு மேஜைமேல் வைத்தார். "அஞ்சு பேர நிறுத்தச் சொல்றீங்க."

"நிழல்தான்..."

"தெரியும் சார். மாட்டேன்னு சொல்லலை. ஆனா சார்ஜ் குடுக்காம இறக்கக் கூடாது."

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். ஓடுகிற வண்டியில் டியூட்டி முடிகிற லோகோ பைலட், அடுத்து ஏறுகிறவருக்கு, அதாவது ரிலீவருக்கு, இன்ஜினை ஒப்படைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். பிரேக் எப்படி, எந்தப் பொத்தான் மக்கர் பண்ணுகிறது, எந்த வளைவில் மாடு நிற்கும் என்று ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். ரிலீவர் "வேற?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். இனி ஒன்றுமில்லை என்கிற வரை. அதன் பிறகுதான் ரன்னிங் ரூம் என்கிற ஓய்வறையில் சாப்பாடு, தூக்கம்.

"ரிலீஃப் வரலைன்னா பன்னெண்டு மணி நேரமானாலும் எறங்க முடியாது சார். அஞ்சாவது ஆளு அப்படித்தான் உக்காந்திருக்கான். மூணு மாசமா. நான் போய் அவனை ரிலீவ் பண்றேன்."

"அசலும் நிழலும் பேசக் கூடாதுன்னு விதி இருக்கு. ஆய்வு கெட்டுப்போகும்."

"கெடறதுக்கு அதுல இன்னா சார் மிச்சம் இருக்குது?" என்றார் பிலோமினா.

அந்த அம்மாளை நெறிமுறைக் குழுவில் சேர்த்திருக்கலாம். நான் மெஹரைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே இணைப்பைப் போட்டுவிட்டிருந்தாள்.

"யாரு?" என்றது ஒலிபெருக்கி. தேவசகாயத்தின் குரல்தான். தொண்டை கட்டிப்போய், உலர்ந்து இருந்தது.

"ரிலீவர்," என்றார் தேவசகாயம்.



"இன்னாய்யா, இவ்ளோ நேரம்?"

"லேட்டாயிடுச்சி. சார்ஜ் குடு."

மறுபுறம் செருமல் கேட்டது. பிறகு அந்தக் குரல் நிமிர்ந்து உட்கார்ந்ததை, சத்தியமாக, நான் காதால் பார்த்தேன். "தூக்கம் விடியக்காலைல ரெண்டு மணி நேரம்தான் வரும். நம்பாத. கை வளைவுல நடுங்கும், வலது கை ஜாஸ்தி. குக்கர் விசில் அடிச்சா எழுந்து நிப்ப. பிலோமினாகிட்ட எரிஞ்சு எரிஞ்சு விழுற, அத கொஞ்சம் பாத்துக்க."

"வேற?"

"மொதல்ல ஹாரன் அடிச்சேன். அப்புறம்தான் பிரேக்கு."

"அது தெரியும். வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

"வேற?"

 தேவசகாயத்தின் நெற்றி வியர்த்திருந்தது. என்ன வரப்போகிறது என்று அவருக்குத் தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. தெரியாமல் எப்படி இருக்கும்? இரண்டு பக்கமும் ஒரே ஆள்.

"ரிலீவர்கிட்ட மறைக்கக் கூடாதுப்பா," என்றார் மெதுவாக. "அடுத்து அதுல உக்காரப் போறவன் உசுரு. பொண்டாட்டிகிட்ட மறைக்கலாம், டாக்டர்கிட்ட மறைக்கலாம்..."

"ஓ, பொண்டாட்டிகிட்ட மறைக்கலாமா?" என்றார் பிலோமினா.

"செத்த சும்மா இரு பிலோ. வேற?"

ஒலிபெருக்கி சொன்னது. "அன்னிக்கு வண்டி ரைட் டைம்ல போயிக்கினு இருந்துச்சி. அந்தம்மா திரும்பிப் பாத்தாங்க இல்ல? கண்ணுக்கு நேரா. அப்ப எனக்கு மொதல்ல வந்த நெனப்பு, 'போச்சுடா, வண்டி லேட்டு'. அதான் நெனச்சேன். ஐயோன்னு நெனைக்கல. மாதாவேன்னு நெனைக்கல. லேட்டுன்னு நெனச்சேன்."

 மெஹரின் விரல் விசைப்பலகை மேல் நின்றிருந்தது.

"வேற?" என்றார் தேவசகாயம் அப்போதும். 

"வேற ஒண்ணுமில்ல. அவ்ளோதான்."

"சரி. நான் எடுத்துக்கறேன். நீ எறங்கு."

"ரன்னிங் ரூம்ல சாப்பாடு இருக்குமா?"

"இருக்கும். சூடா இருக்கும். போ."

ரிலீவரிடம் பொய் சொல்லக் கூடாது. ரிலீவர் சொல்லலாம் போலிருக்கிறது. தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். வலது கை நடுங்கியது. மெஹர் விசையைத் தட்டி ஐந்தாவதை அணைத்தாள். பிலோமினா கணவரின் கழுத்துப் பக்கம் வியர்வையைத் தன் முந்தானையால் துடைத்தார். "இதுக்காய்யா ரெண்டு வருசமா என் மூஞ்சியப் பாக்காம சோறு துன்ன?" என்றார். 

நான் வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தேன். மற்ற நால்வரின் உரையாடல்களும் என்னிடம் இருந்தன. மூன்று மாதம், நான்கு நிபுணர்கள். எதிலும் இந்த வாக்கியம் இல்லை. நால்வரும் ஹாரனைப் பற்றிப் பேசியிருந்தார்கள். பிரேக்கைப் பற்றிப் பேசியிருந்தார்கள். இதை நால்வருமே மறைத்துவிட்டார்கள். ஏன் மறைக்க மாட்டார்கள்? கூச்சத்தையும் சேர்த்தல்லவா படியெடுத்திருந்தோம்! மூட்டு வலிக்காரர் முட்டியைக் காட்டாமல் முழங்கையை நீட்ட, நாங்கள் நான்கு தைலத்தைத் தடவி எது உசத்தி என்று பட்டிமன்றம் நடத்தியிருக்கிறோம்.

"மத்தவங்களும் சார்ஜ் குடுத்துட்டுத்தான் எறங்கணும்," என்றார் தேவசகாயம். "தேறிட்டேன்னு சொல்லி ஏமாத்திக்கினு இருக்கானுங்க. என்னைத் தெரியாதா எனக்கு?"

மத்தியானம் வரை உட்கார்ந்தார். நால்வரும் முரண்டு பிடித்தார்கள். நால்வரும் கடைசியில் அதே வாக்கியத்தைச் சொன்னார்கள். ஆனால் சொன்ன விதம்!

முதலாவது, மனப்பாடப் பாட்டு ஒப்பிப்பதுபோல, நடுக்கமே இல்லாமல் சொன்னது. மூன்றாவது, எதிர்த் தண்டவாளத்தில் போகிற வண்டியைப் பற்றிச் சொல்வதுபோல எங்கோ தூரத்தில் வைத்துச் சொன்னது. நான்காவது சொல்லிவிட்டு, குவார்ட்டர்ஸில் அந்த ஒழுகுகிற குழாயைச் சரி பண்ணியாச்சா என்று விசாரித்தது. பிலோமினா, "இன்னும் இல்ல, நீ வந்து பண்ணு" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இரண்டாவது, அந்த ஒரு நூல் பின்தங்கிய ஆள், சொல்லி முடித்தது. பிறகு, "ஆமா, அந்தம்மா பேரு இன்னா?" என்றது.

"தெரியாது," என்றார் தேவசகாயம்.

"ரெண்டு வருசமா நம்ம ஹாரனு, நம்ம பிரேக்கு, நம்ம தூக்கம்னே பேசிக்கினு இருக்கோம். பேரக் கேக்கல பாரு."

என் ஆயுளில் முதல்முறையாக நான்கு வைத்தியத்துக்கும் வித்தியாசம் தெரிந்தது. அதைப் போட எங்கள் அட்டவணையில் கட்டம் இல்லை.

நான்கு தாளிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் என்னிடம் சொன்னார்: "குலுக்கல் வாணாம் சார். ரெண்டாவது ஆளுக்குக் குடுத்தத எனக்குக் குடுங்க."

"அவர் மதிப்பெண்தான் குறைச்சல்."

"இருக்கட்டும். நான் அந்த ஆளா ஆகணும்."

அதன்பிறகு நடந்ததெல்லாம் எங்கள் துறைக்கே உரிய விமரிசையோடு நடந்தது. விதிமீறலுக்கு எனக்கு விளக்கம் கேட்டு மெயில் வந்தது. விளக்கம் கொடுத்தேன். அதைப் படித்துவிட்டுக் குழு மிகவும் உற்சாகமாகி, சார்ஜ் கொடுப்பதை ஐந்தாவது வைத்தியமாகச் சேர்த்து ஆய்வை மறுபடி நடத்தலாம் என்றது. காத்திருக்க ஆறாவதாக ஒரு நிழல் வேண்டுமாம். அந்த மெயிலை மெஹருக்கு அனுப்பினேன். பதிலாகத் தன் ராஜினாமாவை எனக்கு அனுப்பினாள். நான் இன்னும் அதை மேலே அனுப்பவில்லை. அவளும் இன்னும் போகவில்லை.

தேவசகாயத்துக்கு ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, நான். விசாரிக்கும் வைத்தியத்தை நானே செய்தேன். ஆனால் போர்டு காத்திருக்கவில்லை. மூடி வைத்திருந்ததைத் திறந்த புதிதில் எவருக்கும் நிலைமை மோசமாகத்தான் தெரியும். அவருடைய மதிப்பெண் முன்பைவிட ஒரு படி கீழே இறங்கியிருந்தது. அன்று நடந்ததைச் சொல்லச் சொன்னார்கள். 'வண்டி லேட்டு' வரை ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறார். போர்டு அவரை இன்ஜினிலிருந்து இறக்கியது. மற்ற ஓட்டுநர்கள் டியூட்டிக்கு வந்து கையெழுத்துப் போடும் லாபியில் மேஜை வேலை. ஒரு வருஷம் கழித்து வேண்டுமானால் மறுபடி விண்ணப்பிக்கலாம்.

மறைத்த நான்கு நிழலும் வெளியே இருந்திருந்தால் இந்நேரம் எக்ஸ்பிரஸ் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். நான் போர்டு அலுவலக வாசலில் நின்று சத்தம் போட்டேன். காவலாளி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். தேவசகாயம்தான் என்னைக் கைப்பிடித்து ஆட்டோவில் ஏற்றினார். வைத்தியர் நான் என்பதை யாராவது அந்த ஆட்டோக்காரரிடம் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

"வுடுங்க சார்," என்றார். "ஓட்டணும்னு ஆசதான். இல்லன்னு சொன்னா பொய். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு வேல இருக்குது. கூட வர்றீங்களா?"

அடுத்த வாரம் அவரும் பிலோமினாவும் நானும் பாசஞ்சர் வண்டியில் போனோம். அந்த வளைவு வந்தபோது அவர் பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிலோமினா ஒரு வறுத்த கடலைப் பொட்டலத்தைப் பிரித்து மூன்று பேர் கையிலும் போட்டார். வளைவு கடந்தது.

ஜங்ஷனில் ரயில்வே போலீஸ் அறை கடைசி நடைமேடையில் இருந்தது. தலைமைக் காவலர் ஒருவர் தட்டில் இட்லியோடு உட்கார்ந்திருந்தார். தேவசகாயம் தேதியைச் சொன்னார். இடத்தைச் சொன்னார். ஒரு அம்மா, அவங்க பேர் தெரியணும் என்றார்.

காவலர் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு வருசம் கழிச்சு வர்றீங்க. நீங்க அவங்களுக்கு என்ன வேணும்? சொந்தமா?"

 ஆராய்ச்சி, அனுமதிக் கடிதம் என்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பிலோமினா என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார்.

தேவசகாயம் கொஞ்சம் யோசித்தார்.

"அவங்க கடைசியாப் பாத்த ஆளு சார் நானு," என்றார்.

காவலர் அவரையே பார்த்தார். பிறகு எழுந்து போய், உள்ளேயிருந்து இன்னொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார்.